8 ஸ்பிரைட்டும் 50 ஹெட்ஸும்: பழைய பாணிக் கேம்களை எடைபோடுவது எப்படி

திருகோணமலையில் 8 பிட் கேம்களோடு வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் சொந்தப் பெட்டியைக் கண்ணாலும் கண்டதில்லை. கைக்கு வந்தது, 1983 யூலையில் ஜப்பானில் வெளியான ஃபமிகொம் பெட்டியைப் பார்த்துப் பிறர் செய்த நகல். 60 பின் (இணைப்பு முனை) கொண்ட மஞ்சள் கசற், '999 இன் 1' என்று நீளும் பட்டியல், அதற்குள் சில கேம்களே தொடங்கும் கட்டம் மாறித் திரும்பத் திரும்ப வருவது. 'ரீவி கேம்' என்றால் இங்கே அதுதான். இன்று பழைய பாணி என்று சொல்லி இணையக் கடையில் விற்கும் புதிய கேம் ஒன்றைத் தரவிறக்கி, அது எப்படி என்று நாலு பேருக்கு எழுதப் போகிறவரின் மனதில் இருக்கும் அளவுகோலும் அந்த நகல் பெட்டிதான். அந்த அளவுகோலில் ஒரு பிழை உண்டு. அதைச் சரிசெய்யாமல் எழுதினால் விமர்சனம் முழுவதும் சாய்ந்துவிடும்.

இலங்கையின் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது. செக்கனுக்கு 50 தடவை திரை புதுப்பிக்கப்படும். ஃபமிகொம் கேம்கள் எழுதப்பட்டதோ ஜப்பானின் 60 தடவைக்கு. அந்தக் கேம்கள் நேரத்தைச் செக்கனால் அளப்பதில்லை, திரை எத்தனை தடவை புதுப்பிக்கப்பட்டது என்று எண்ணும். ஒரு புதுப்பிப்பு ஒரு ஃபிரேம். 60 ஃபிரேம் நீடிக்கும் ஓர் அசைவு ஜப்பானில் 1 செக்கனில் முடியும். பால் ரீவிக்கென்று செய்த நகல் பெட்டியில் 1.2 செக்கன் எடுக்கும். எதிரியின் நடை, குண்டின் ஓட்டம், பாட்டின் தாளம் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மந்தம். "புதியது பழையதைவிட வேகம், பழைய நிதானம் இல்லை" என்று இங்கே பலர் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். கேம் தயாரித்தவர் அசல் வேகத்தையே கொடுத்திருப்பார். நம் கைதான் மந்தமான வேகத்துக்குப் பழகியிருக்கிறது. ஆகவே எழுதத் தொடங்குமுன், அதிகாரபூர்வமாக மறுவெளியீடு கண்ட பழைய கேம் ஒன்றை 60 ஃபிரேம் வேகத்தில் அரை மணி நேரமாவது விளையாடுங்கள். 2015இல் வந்த மெகா மேன் லெகசி கலெக்‌ஷன் இதற்குப் போதும். மெகா மேன் என்ற பழைய தொடரின் முதல் 6 பாகங்களும் அதில் உள்ளன.

இனி ஃபமிகொம் பெட்டியின் கட்டுப்பாடுகள். பழைய பாணிக் கேமை எடைபோடுவது என்பது, அது எந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டது, எதைக் கைவிட்டது, ஏன் என்று தெரிந்து செய்ததா என்று பார்ப்பதுதான். பெரிய பிக்சலைக் கண்டவுடன் 'அசல் பழைய சுவை' என்று எழுதிவிடுவது படத்தின் சட்டத்தைப் பார்த்துப் படத்துக்கு மதிப்பெண் போடுவது போன்றது.

செயலியின் வேகம் 1.79 மெகாஹெட்ஸ். வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். திரை 256க்கு 240 பிக்சல். அசையும் உருவங்கள் எல்லாம் ஸ்பிரைட் என்ற 8 பிக்சல் அகலத் துண்டுகளால் ஆனவை. திரை முழுவதற்கும் 64 துண்டு. ஒரே கிடைக்கோட்டில் 8 துண்டு மட்டும். இதை நம் ஊர்க் காட்சியில் வைத்துப் பாருங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலில் 16 பிக்சல் அகலமான வீரன் ஒருவன் நிற்கிறான்: 2 துண்டு. 24 பிக்சல் அகலத்தில் கோட்டை மான் ஒன்று வருகிறது: 3 துண்டு. இரண்டாவது மான்: இன்னும் 3. எட்டும் முடிந்தது. மூன்றாவது மான் அதே உயரத்தில் வந்தால் வன்பொருள் அதை வரையாது. உருவம் தெரியாது, ஆனால் முட்டினால் உயிர் போகும். அதனால்தான் நிரல் எழுதியவர்கள் துண்டுகளின் வரிசையை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றிக் கொடுத்தார்கள். மான்கள் முறைவைத்து மறைந்து தோன்றும். நாம் கண்ட மினுங்கல் அதுதான்.

கசற் பழுதை இதோடு குழப்பக் கூடாது. கடற்கரை ஊரில் உப்புக்காற்றுப் பட்டுக் கசற்றின் பின்கள் கறுத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது திரை ஒரே நிறத்தில் நிற்கும். வாயால் ஊதியதும் வேலைசெய்ததற்குக் காரணம் ஊதியது அல்ல, கழற்றித் திரும்பச் செருகியது. மூச்சின் ஈரம் பின்னை இன்னும் அரிக்கும். பழைய கசற் இன்னும் வைத்திருப்பவர்கள் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகினால் போதும்.

வேகம் திடீரென்று பாதியாவதும் பெட்டியின் குணம்தான். ஒரு ஃபிரேமுக்குச் செயலிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 29,780 துடிப்பு. எதிரிகள் கூடிக் கணக்கு அதற்குள் முடியாவிட்டால், கேம் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கும். 60 என்பது 30 ஆகும். நிறமும் அப்படியே கஞ்சம். பின்னணிக்கு 3 நிறம் கொண்ட 4 தொகுதி, ஸ்பிரைட்டுக்கு 3 நிறம் கொண்ட 4 தொகுதி, பொதுவாக ஒன்று: ஒரே நேரத்தில் 25. கோட்டை மானுக்குக் கபிலம், புள்ளிக்கு வெள்ளை, விளிம்புக்குக் கறுப்பு என்று மூன்றும் தீர்ந்துவிடும். கண்ணுக்கு வேறு நிறம் வேண்டுமானால் மேலே இன்னொரு ஸ்பிரைட் வைக்க வேண்டும். மெகா மேனின் முகம் அப்படித்தான் தனித் துண்டாக ஒட்டப்பட்டது. பின்னணியில் 16க்கு 16 பிக்சல் பரப்புக்கு ஒரு நிறத்தொகுதிதான். நம் ஊர்ச் சுவாமி மலைப் பாறையும் அடியில் கடலும் சந்திக்கும் விளிம்பை அப்படி வரைந்தால் பாறை படிக்கட்டாகத்தான் வரும், அல்லது இரண்டும் ஒரு நிறத்தைப் பங்குபோட வேண்டும். பழைய கேம்களின் நிலக்காட்சி சதுரம் சதுரமாக இருப்பதற்கு ஓவியரின் ரசனை மட்டும் காரணம் அல்ல.

இந்தக் கட்டுகளை எதிர்கொள்வதில் இரண்டு கேம்கள் இரண்டு துருவம்.

கப்கொம் நிறுவனமும் இன்டி கிரியேட்ஸும் 2008இல் தரவிறக்கமாக மட்டும் வெளியிட்ட மெகா மேன் 9 முதல் துருவம். தொடரின் முந்திய பாகங்கள் படிப்படியாகச் சேர்த்த சறுக்கலையும் சேர்த்துவைத்துச் சுடும் ஆற்றலையும் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டாம் பாகத்தின் எளிமைக்கே திரும்பியது. அதைவிட முக்கியமானது, மினுங்கலையும் மந்தத்தையும் வேண்டியவர்கள் போட்டுக்கொள்ள ஒரு தெரிவு வைத்தது. புதிய இயந்திரத்தில் மினுங்கல் தானாக வராது. யாரோ உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும். குறையை விரும்புகிறவருக்குக் கொடுத்து, விரும்பாதவர் மேல் திணிக்காமல் விட்டது சரியான முடிவு.

யாட் கிளப் கேம்ஸ் 2014 யூனில் வெளியிட்ட ஷவல் நைட் மறு துருவம். பார்த்தால் 8 பிட். அளந்தால் அப்படி இல்லை. அகலத்திரைக்காக 400க்கு 240 பிக்சல் எடுத்தார்கள். மினுங்கல் கிடையாது. ஓர் உருவத்துக்கு 3 நிறம் என்ற கட்டைத் தேவைப்பட்ட இடத்தில் மீறினார்கள். ஒலிக்குப் பழைய சில்லோடு கொனாமி நிறுவனத்தின் விஆர்சி6 என்ற ஒலிச் சில்லையும் கணக்கில் சேர்த்தார்கள். 2 சதுர அலையும் 1 வாள்பல் அலையும் கூடுதலாகக் கிடைத்தன. இது ஏமாற்று வேலை இல்லை. ஃபமிகொமின் 60 பின்னில் கசற்றிலிருந்து ஒலியை உள்ளே அனுப்ப வழி இருந்தது, ஜப்பானியக் கேம்கள் சில அதைப் பயன்படுத்தின. மீறியதை எல்லாம் ஒரு பழைய பெட்டி இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஒரே எண்ணம் கட்டிவைத்திருக்கிறது. எங்களைக் கேட்டால் இந்த இரண்டில் ஷவல் நைட்டே கடினமான வேலை: கட்டு இல்லாத இடத்தில் கட்டை உணரவைக்கிறது.

இரண்டுக்கும் நடுவே, எதையும் யோசிக்காமல் பெரிய பிக்சலை மட்டும் ஒட்டிய கேம்கள் ஏராளம். அவற்றைப் பிடிக்கும் வழி எளிது. ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பெரிதாக்கிப் பிக்சலின் அளவை எண்ணுங்கள். வீரன் 4க்கு 4, எழுத்து 2க்கு 2, வெடிப்பு 1க்கு 1 என்று கலந்திருந்தால் அது வேறு வேறு அளவில் வரைந்து அப்படியே ஒட்டியது. சுழலும் வாள் பிக்சல் சதுரத்தோடு சேர்ந்து சாய்ந்தால் அதுவும் அதே கவனக்குறைவு. வரைந்த கோடு தப்பாமல் நிற்கும் கேமில் சுழற்சியின் ஒவ்வொரு நிலையும் தனியாக வரையப்பட்டிருக்கும்.

ஆனால் படம் கெடுவது எப்போதும் கேமின் பிழை என்று எழுதிவிட வேண்டாம். 240 வரி உயரமான கேமை 1080 வரித் திரையில் முழுதாக நிரப்பினால் ஒரு பிக்சல் 4.5 பிக்சலாக விரிய வேண்டும். அரைப் பிக்சல் கிடையாது. ஆகவே ஒரு வரி 4, அடுத்தது 5 என்று வரும். திரை நகரும்போது செங்கல் சுவர் நெளியும். 720இல் சரியாக 3 மடங்கு, 1440இல் 6, 2160இல் 9: இங்கெல்லாம் தொல்லை இல்லை. பலரிடம் இருக்கும் 1366க்கு 768 மடிக்கணினியில் 3.2 மடங்கு வரும், அதுதான் மிக மோசம். அமைப்புக்குள் போய் முழு எண் மடங்கு என்ற தெரிவைப் போட்டால் 720 வரி எடுத்துக்கொண்டு மேலும் கீழும் 24 வரி கறுப்பாக விடும். அந்தக் கறுப்பைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. 2018இல் வந்த செலஸ்ட் 320க்கு 180 என்ற அளவில் வரையப்பட்டது. 1080இல் அது சரியாக 6 மடங்கு. திரையை முன்கூட்டியே யோசித்தவர்களின் வேலை அப்படி இருக்கும். முழு எண் தெரிவே இல்லாத கேமை அதற்காகக் குறை சொல்லலாம்.

பொத்தானை அழுத்தியதற்கும் வீரன் தாவுவதற்கும் இடையிலான தாமதத்தை "கொஞ்சம் லேட்" என்று எழுதி விட்டுவிடாமல் அளக்கலாம். போனில் செக்கனுக்கு 240 ஃபிரேம் மந்தப் பதிவு இருந்தால் போதும். விரலும் திரையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி போனை வையுங்கள். தாவும் பொத்தானைப் 10 தடவை அழுத்துங்கள். பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, பொத்தான் அடியில் பட்ட ஃபிரேமிலிருந்து உருவம் முதலில் அசைந்த ஃபிரேம் வரை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரு ஃபிரேம் 4.17 மில்லிசெக்கன், 20 வந்தால் 83 மில்லிசெக்கன். அதாவது கேமின் கணக்கில் 5 ஃபிரேம். துல்லியமாகத் தாவ வேண்டிய கேமில் அதற்கு மேல் போனால் கை சேற்றுக்குள் நிற்பதுபோல் இருக்கும். அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவதும் வேலையில் பாதி. ரீவியை கேம் முறைக்கு மாற்றுங்கள், புளூடூத்தை விட்டு வயரில் கொன்ட்ரோலரைக் கொடுங்கள், ஃபிரேமைத் திரையின் புதுப்பிப்புக்குக் காத்திருக்க வைக்கும் வி-சிங்கை நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு திரும்ப அளங்கள். மூன்றும் செய்தபின் மிஞ்சுவதில்தான் கேமுக்குப் பங்கு இருக்கலாம். வேறொரு கேமையும் அதே ரீவியில் அளந்து ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

வி-சிங்கை நிறுத்துவதில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. எளிய 2டி கேம் தடையில்லாமல் ஓடினால் செக்கனுக்குப் பல நூறு ஃபிரேம் வரைந்து தள்ளும். மே மாத உப்புவெளி வெயிலில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் மடிக்கணினி கொதித்து, தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது கேம் திக்கும். வி-சிங்கை நிறுத்தினாலும் ஃபிரேம் வரம்பை 60இல் கட்டிவிடுங்கள். கேமுக்குள் அந்த வரம்பு இல்லையென்றால் கிராபிக்ஸ் அட்டையின் மென்பொருளில் இருக்கும்.

கஷ்டம் பற்றிச் சொல்லும்போது பழைய கேம்கள் ஏன் கஷ்டமாக இருந்தன என்பதை நினைவில் வைக்க வேண்டும். முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். அந்த இடத்துக்குள் பல மணி நேர உள்ளடக்கத்தை அடைக்க முடியாது. ஆளைத் திருப்பி அனுப்பித்தான் நேரத்தை நீட்ட முடியும். இன்று அந்தக் காரணம் இல்லை. ஆகவே இன்றைய கேம் ஒன்று 3 உயிர் கொடுத்துத் தொடக்கத்துக்கு அனுப்பினால், அதற்கு வேறு நியாயம் இருக்க வேண்டும். ஷவல் நைட் இதை அழகாகத் தீர்த்தது: இறந்தால் பணத்தின் ஒரு பகுதி விழுந்த இடத்தில் பைகளாக மிதக்கும், போய் எடுக்கலாம். இடைநிலைக் கம்பத்தை உடைத்தால் புதையல் கிடைக்கும், ஆனால் அந்த இடத்திலிருந்து தொடரும் வசதி போய்விடும். கஷ்டத்தின் அளவை விளையாடுகிறவரே கையில் எடுத்துக்கொள்கிறார்.

எடைபோட, அடுத்தடுத்த 20 மரணங்களைத் தாளில் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: சாவதற்கு முன் ஆபத்து திரையில் தெரிந்ததா? தெரிந்தும் செத்தால் பிழை கையினுடையது. திரைக்கு வெளியிலிருந்து வந்த குண்டு, தரை என்று நம்பவைத்த பின்னணி, இறங்கும் இடம் தெரியாத தாவல் ஆகியவை கேமினுடையவை. 20இல் 5க்கு மேல் பின்வகையில் விழுந்தால் கட்ட வடிவமைப்பு பலவீனம் என்று தயங்காமல் எழுதலாம்.

ஒலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2 சதுர அலை, 1 முக்கோண அலை, 1 இரைச்சல், 1 பதிவுத் துணுக்கு: இந்த 5 வழிதான் பழைய பெட்டிக்கு. முக்கோண அலைக்கு ஒலியளவு மாற்றமே கிடையாது, அதனால் அடிக்குரல் ஒரே பலத்தில் ஓடும். குண்டு சுடும் சத்தம் ஒரு வழியைப் பறிக்கும்போது பாட்டில் ஒரு குரல் கணநேரம் விழும். புதிய கேமில் அது விழாவிட்டால் குற்றமில்லை. ஆனால் சத்தங்கள் பாட்டை மூழ்கடித்தால் குற்றம்தான்.

தரவிறக்க அளவைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள்: 40 கிலோபைட் தோற்றத்துக்கு ஏன் 500 மெகாபைட்? பெரும்பாலும் பாட்டுத்தான். சில்லுக்கு ஆணை கொடுக்கும் முறையில் ஒரு பாட்டு சில கிலோபைட்டில் முடியும். அதையே சுருக்காத ஸ்டீரியோப் பதிவாக வைத்தால் நிமிடத்துக்கு 10 மெகாபைட்டுக்கு மேல். 40 நிமிடப் பாட்டு 400ஐத் தாண்டும். 128 கிலோபிட்டில் சுருக்கினால் நிமிடத்துக்கு 1 மெகாபைட்டோடு நின்றுவிடும். போன் டேட்டாவில் இறக்குகிறவர் வாசிக்கும் விமர்சனத்தில் இந்த அளவைச் சொல்லியே ஆக வேண்டும். வெளியான அன்றே வரும் திருத்தக் கோப்பு எத்தனை மெகாபைட் என்பதையும்.

2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன நாட்டில் சேமிப்பு முறை தனிப் பத்திக்குரியது. மெகா மேன் 2 கேமில் 5க்கு 5 கட்டத்தில் புள்ளிகள்தான் கடவுச்சொல். தாளில் குறித்தால் கரண்ட் போனாலும் பயமில்லை. இன்றைய கேம் கோப்பு எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது யுபிஎஸ் இல்லாத கணினி நின்றால் கோப்பு பாதியில் வெட்டுப்படும், அடுத்த தடவை திறக்கும்போது எல்லாம் வெறுமை. ஒழுங்காக எழுதிய கேம் முதலில் வேறொரு கோப்பில் எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றும். பழையதோ புதியதோ ஒன்று முழுதாக மிஞ்சும். கரண்டைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம். சேமிக்கும் குறி திரையில் சுழலும்போது டாஸ்க் மனேஜரில் கேமைக் கொன்றுவிட்டுத் திறந்து பாருங்கள். 10 தடவையும் பிழைத்தால் நம்பலாம். சோதனைக்கு முன் சேமிப்புக் கோப்புறையைப் பிரதி எடுக்க மறக்க வேண்டாம்.

பணம் கொடுத்து இறக்கியது எவ்வளவு காலம் நம்முடையது என்பதும் விமர்சனத்துக்குள் வரும். நின்டெண்டோவின் வீ பெட்டிக்கான இணையக் கடை 2019 ஜனவரி 30இல் மூடப்பட்டது. மெகா மேன் 9இன் அந்தப் பதிப்பை இனி யாரும் வாங்க முடியாது. 2017இல் வந்த லெகசி கலெக்‌ஷன் 2 இல்லாவிட்டால் அந்தக் கேமை நேர்வழியில் பெறுவது பெரும்பாடாகியிருக்கும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வேகமும் தாமதமும் திரைப் பொருத்தமும் அந்த 2 மணி நேரத்துக்குள் சோதிக்கக் கூடியவை. ஜிஓஜி கடையில் நிறுவும் கோப்பையே இறக்கி வெளிவட்டில் வைக்கலாம். எங்கே வாங்கினாலும் வைபையை நிறுத்திவிட்டு கேம் திறக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

கடைசியாக எழுத்து. பழைய பாணிக் கேம்களில் தமிழ் வராததற்குச் சந்தை ஒரு காரணம், சதுரம் இன்னொரு காரணம். ஆங்கில எழுத்து 8க்கு 8 சதுரத்தில் அடங்கும். நம் ண-வின் சுழிகளை அந்த அகலத்தில் பிரித்துக் காட்ட இடமில்லை. எண்ணிக்கையும் கூட: உயிரும் ஆய்தமும் 13, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, தனிக் குறிகள் 4. கிரந்தம் சேர்க்காமலே 125. பழைய பெட்டியில் பின்னணிக்கென்று ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய சதுரம் 256. பாதி எழுத்துக்கே போய்விடும், ஒவ்வொன்றும் ஒரு சதுரத்துக்குள் அடங்கினால். அடங்காது.

இன்றைய இயந்திரத்தில் இடப்பிரச்சினை இல்லை, வேறொன்று உண்டு. யூனிகோட்டில் கெ என்பது முதலில் க, பிறகு கொம்பு என்று சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோவது எழுத்தை அடுக்கும் மென்பொருளின் வேலை. பழைய தோற்றத்துக்காகப் பிக்சல் எழுத்துருவைச் சதுரம் சதுரமாக அச்சிடும் கேம்களில் அந்த மென்பொருளே இருக்காது. கொம்பு தவறான பக்கம் நிற்கும், கோ என்ற எழுத்தின் கொம்பும் காலும் ஒரே பக்கம் சேர்ந்து விழும். தமிழில் பழைய பாணிக் கேம் செய்ய நினைக்கும் இளையவர்கள் இங்கே இருந்தால், உயரம் 16 பிக்சல், அகலம் எழுத்துக்கு எழுத்து மாறுவது, கொம்பை முன்கூட்டியே இடம்மாற்றும் ஒரு சிறு நிரல் என்று தொடங்கலாம். திருகோணமலை என்ற பெயரைத் தி, ரு, கொம்பு, க, கால், ண, ம, ஐகாரக் குறி, ல என்று 9 துண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 16 பிக்சல் கொடுத்தால் 144. பழைய 256 பிக்சல் திரையின் ஒரு வரியில் நம் ஊர்ப் பெயர் நன்றாகவே அடங்கும், இருபக்கமும் இடம் விட்டு.